நான்கு நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது

ஊரைவிட்டுப் போன மயக்கமருந்து டாக்டரிடம்
வாங்கிய சான்ட்ரோ.
பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபிலிம்
கறுப்பாயிருந்து கத்தரிப்பூ நிறமாகி
கொப்புளம் கொப்புளமாய் எழும்பிவிட்டது.
இரவுப் பணி முடித்து
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போது
மேல்கண்ணாடியில் எப்போதும்
மழைக்கு முந்தைய ஐந்து நிமிடம்.
மே மாதத்தில்.
வேலூரில்.
என் முதுகுக்குப் பின்னால் மட்டும்.

அதற்காகவே ஒரு வருஷம் விட்டுவைத்தேன் என்றால்
யார் நம்புவார்கள்?

தப்பு என்னுடையதும்தான்.
புங்கமர நிழல் டாக்டர்களின் கார்களுக்கு,
என்னுடையது நாளெல்லாம் வெயிலில் வெந்தது.
ஞாயிறுதோறும் நீல கிளீனரை அடித்து
பழைய பேப்பரால் அழுத்தித் தேய்த்தேன்.
அம்மோனியா ஃபிலிமை அரிக்குமாம்.
வார்டில் ஒவ்வொரு பாட்டிலையும்
லேபிள் படித்தே தொடுகிறவள் நான்.

பின்னால் வந்த லாரி இரண்டாய்த் தெரிந்த அன்று
ஜலகண்டனிடம் போனேன்.
கடை என்றால்
ஒரு தகரக்கூரை, ஒரு ஹேர் டிரையர்,
ஷாம்பு கலந்த தண்ணீர் ஒரு பக்கெட்.
"சின்ன கொப்புளம்னா ஊசியால குத்தி
அமுக்கிடலாம் சிஸ்டர். இது முத்திப் போச்சு."
கொப்புளத்தைக் குத்தாதீர்கள் என்று
பதினேழு வருஷமாய்ச் சொல்லிவருகிறேன்.
வாயை மூடிக்கொண்டேன்.

மூலையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான்.
நிறம் வந்தது, பசை நின்றது.
கண்ணாடியின் உள்பக்கம் குறுக்கே
மெல்லிய செம்பழுப்புக் கோடுகள்,
பனியை உருக்குகிற கம்பிகள்
(இந்த ஊருக்கு).
அவற்றின் மேல் பிளேடை வைக்கப் போனவனிடம்
"கொடுங்க" என்றேன்.

எண்பது வயதுத் தோலிலிருந்து
பிளாஸ்டர் எடுத்திருக்கிறீர்களா?
மேலே இழுத்தால் தோலும் கூடவே வரும்.
மடித்து, பின்பக்கமாய், தோலோடு படுத்தவாக்கில்,
ஒரு விரல் பிரிக்க
இன்னொரு விரல் தோலை அழுத்தியிருக்க,
நனைத்து, சூடுபடுத்தி,
கூடவே ஏதாவது பேசிக்கொண்டு:
எந்த ஊர், எத்தனை பிள்ளைகள்,
காலையில் இட்லி இறங்கிற்றா.
கண்ணாடியிடம் என்ன கேட்பது?
ஜலகண்டனிடம் கேட்டேன்.
கணியம்பாடி. ஒரு மகள். இட்லி இல்லை, பரோட்டா.

சோப்புத் தண்ணீர் தெளித்து
வெளிப்பக்கம் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி
வண்டியை நடு வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தினோம்.
இந்த வெயிலுக்கு
இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த முதல் வேலை.
செய்தது.
ஒரே தாளாய் வந்தது, கோடு ஒன்றும் அறவில்லை.
வானத்துக்கெதிரே அதைத் தூக்கிப் பிடித்து
"மழை வர்ற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றான்
ஜலகண்டன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாய் ஒட்டினான், நாலு பக்கமும்.
ஆளை மறைக்காது, சூட்டை மட்டும் மறிக்கும்.
கறுப்பு கேட்டால்
கிரீன் சர்க்கிளில் போலீஸே கிழித்துவிடுவார் என்றான்.
மெத்தென்ற துணி, ஷாம்புத் தண்ணீர், வேறொன்றும் கூடாது.
பசை காய்கிற வரை
நான்கு நாள் கண்ணாடியை இறக்கவே கூடாது.

மூன்றாம் நாள் காலை
ஆஸ்பத்திரி வாசலில் நெரிசல்.
ஒருவர் கண்ணாடியில் தட்டினார்.
மால்டாவோ தன்பாதோ,
இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்த முகம்.
கையில் பெரிய மஞ்சள் உறை.
உதடு அசைந்தது, எதுவும் கேட்கவில்லை.
உறையிலிருந்து படத்தை உருவி
என் கண்ணாடியோடு சேர்த்து வைத்தார்.
ஃபிலிமின் மேல் ஃபிலிம்.
வெயில் அதன் வழியே வந்து
ஒரு மார்க்கூட்டை
என் மடியில் போட்டது.

இடது கீழ்ப்பக்கம் நான் பார்த்ததை
அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

பட்டனை அழுத்தினேன்.
கண்ணாடி இறங்கிற்று.
எந்தக் கட்டடம், எந்த வரிசை, எந்த சீட்டு
என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.
பின்னாலிருந்து ஆட்டோக்கள் திட்டின.

ஓட்டுநர் பக்க மேல்மூலை
இப்போது சுண்டுவிரல் நகமளவு தூக்கியிருக்கிறது.
மைக்ரோபோர் டேப் ஒட்டிவைத்திருக்கிறேன்.
ஜலகண்டனிடம் சொல்லவில்லை.